வேகம் தெரியல

எங்கள் மாவட்டத்தில் ஓடுகிற பழைய வண்டிகளில் பாதிக்கு மீட்டர் வேலை செய்யாது. முள் பூஜ்யத்தில் படுத்திருக்கும். இல்லாவிட்டால் எண்பதில் மாட்டிக்கொண்டு, வண்டி டீக்கடை வாசலில் நிற்கும்போதும் எண்பதையே காட்டிக்கொண்டிருக்கும். அதற்காக யாரும் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. அதனால்தான் அன்றைக்கு அம்மா செய்தது எனக்கு விசித்திரமாகப் பட்டது. சாலியமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமத்துக்கு மாடு பார்க்கப் போனவள், அரை மணி நேரத்தில் வர வேண்டிய தூரத்தை ஒன்றரை மணி நேரம் இரண்டாவது கியரிலேயே உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். இஞ்சின் கொதித்துக்கொண்டிருந்தது. அவளும்தான்.

மீட்டர் கேபிள் அறுந்துவிட்டது என்றாள். அதற்கு ஏன் இந்த உருட்டல் என்று கேட்டேன். மீட்டர் இல்லாமல் வண்டி ஓட்டத் தெரியாதா, இத்தனை வருஷம் ஓட்டினாயே என்று கொஞ்சம் கிண்டலும் செய்தேன். கை கால் கழுவிக்கொண்டு உள்ளே போனவள் திரும்பி வந்து, "சீக்கிரம் சரி பண்ணிக் குடு" என்று மட்டும் சொன்னாள்.

அம்மா ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர். வயது அறுபத்தொன்பது. அரசாங்கம் அனுப்பி வைத்துப் பத்து வருஷம் ஆகியும் சுற்று வட்டாரத்து மாடுகள் அவளை அனுப்பி வைக்கவில்லை. கன்று குறுக்கே கிடந்தால், வயிறு உப்பினால், பால் இறங்காவிட்டால் போன் அடிக்கும். அம்மா கிளம்பிவிடுவாள். அதுவும் அந்தக் கறுப்பு அம்பாசிடரில், தானே ஓட்டிக்கொண்டு.

அந்த வண்டி ஒரு காலத்தில் எங்கள் ஊர் மிராசுதார் வீட்டு வண்டி. அவர்கள் நிலத்தில்தான் அம்மாவின் அப்பா பண்ணையாளாக இருந்தார். அந்த வண்டி வந்தால் வரப்பில் இறங்கி நிற்க வேண்டியிருந்த காலம். பிற்பாடு அந்தக் குடும்பம் நிலத்தை விற்றுச் சென்னைக்குப் போனபோது வண்டியை அம்மா வாங்கினாள். இதில் பெரிய கதை எதுவும் இருப்பதாக அவள் ஒப்புக்கொள்ள மாட்டாள். டிக்கி பெரிது, கயிறு, வாளி, மருந்துப் பெட்டி எல்லாம் அடங்கும், அவ்வளவுதான் என்பாள். ஆனால் வாங்கிய முதல் நாள் எங்கள் தெருவிலிருந்து கிளம்பி, பூட்டிக் கிடந்த அந்த வீட்டு வாசல் வழியாக ஓட்டிப்போய்த் திரும்பி வந்தாள். அந்தத் தெருவில் அன்றைக்கு எந்த மாட்டுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை.

சென்னையில் இருக்கும் என் அக்கா வாரா வாரம் போனில் ஒரே பாட்டைத்தான் பாடுவாள். அம்மாவை வண்டி ஓட்ட விடாதே, வயசாகிறது, ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது. நான் ஒவ்வொரு தடவையும் அம்மாவுக்காக வாதாடுவேன். அவளுக்கு என்ன குறை, என்னைவிட நிதானமாக ஓட்டுகிறாள் என்பேன். அவளிடமிருந்து ஸ்டியரிங்கை வாங்கிவிட்டால் அவள் யார் வண்டிக்காகக் காத்திருப்பாள், யாரிடம் கேட்டுக்கொண்டு மாடு பார்க்கப் போவாள் என்பது என் கட்சி. வண்டியை நான் பார்த்துக்கொள்கிறேன், அம்மா ஓட்டட்டும் என்று அக்காவிடம் வாக்குக் கொடுத்தது மாதிரிச் சொல்லி வைத்திருந்தேன். கேபிள் அறுந்தபோது அந்த வாக்கைக் காப்பாற்ற ஒரு வாய்ப்பு வந்ததாகத்தான் நினைத்தேன்.

அந்தப் பழைய மீட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கியர்பாக்ஸிலிருந்து டேஷ்போர்டு வரைக்கும் ஓர் உறைக்குள் கம்பிக் கேபிள் சுழன்றுகொண்டே வரும். அதன் முனையில் ஒரு காந்தம். காந்தம் சுற்றினால் முள் நகரும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் எங்கள் வண்டியில் அந்த உறை எங்கோ நசுங்கியிருந்தது. வண்டி இருபதைத் தொட்டதும் உள்ளே ட்டிக் ட்டிக் என்று தட்டத் தொடங்கும். முப்பதில் தட்டல் நெருங்கும். நாற்பதில் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து கீச்சென்று ஒரே சீராக இழுக்கும். ஐம்பதைத் தாண்டினால் காது கூசும். பக்கத்தில் உட்கார்ந்து போகிற எனக்குப் பல்லைக் கடித்துக்கொள்ளத் தோன்றும். கிரீஸ் போடுகிறேன் என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அம்மா விட மாட்டாள். இருந்துவிட்டுப் போகட்டும் என்பாள்.

தஞ்சாவூர் கீழவாசலில் பழைய வண்டிகளுக்குச் சாமான் விற்கும் கடை ஒன்று இருக்கிறது. கடைக்காரர் பதினைந்து வருஷம் வளைகுடாவில் கார் பட்டறையில் இருந்துவிட்டு வந்தவர். பாய் என்றுதான் கூப்பிடுவோம். நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் பரணிலிருந்து சுருட்டி வைத்த கேபிள் ஒன்றை எடுத்துப் போட்டார். அஞ்சு நிமிஷ வேலை தம்பி, மாட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள் என்றார். நான் வேண்டாம் என்றேன். எலெக்ட்ரானிக்காக மாற்றப்போகிறேன் என்றேன். அவர் கேபிளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அதைத் திரும்பச் சுருட்டிப் பரணில் போட்டார்.

என் திமிருக்குக் காரணம் உண்டு. என் பிழைப்பே அதுதான். ரைஸ் மில்களில் லாரியோடு நெல்லை எடை போடும் மேடைகள் இருக்கின்றனவே, அவற்றில் பழையவை எல்லாம் இரும்புத் தண்டும் நெம்புகோலும் கத்தி முனையுமாக இருக்கும். நான் அவற்றைக் கழற்றிப் போட்டுவிட்டு, மேடைக்கு அடியில் லோடு செல் வைத்து, எடை எண்ணாகத் தெரியும்படி மாற்றிக் கொடுப்பவன். அம்மாபேட்டையிலிருந்து மன்னார்குடி வரைக்கும் என் கைபடாத மேடை குறைவு. எலி ஒயரைக் கடிக்காமல் இருக்க வலை, உமி உள்ளே போகாமல் இருக்க ரப்பர் உறை என்று பார்த்துப் பார்த்துச் செய்வேன். ஊர் எடையையெல்லாம் திருத்தியவன் சொந்த அம்மாவின் வண்டிக்கு ஐந்து நிமிஷக் கேபிளை மாட்டுவதா?

வேலை தொடங்கும் முன் அம்மாவிடம் கேட்டேன். பழைய முள்ளே இருக்கட்டுமா, பளிச்சென்று எண்ணாகக் காட்டட்டுமா?

"எதுவா இருந்தா என்னடா. சத்தம் வருமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமே வராது, அதுதான் இதன் பெருமை என்றேன். அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"சத்தம் மட்டும் இருக்கற மாதிரி பண்ண முடியாதா?"

பழக்கதோஷம் என்று நினைத்துக்கொண்டேன். நம் வீட்டு மிக்ஸியைப் பற்றியும் இப்படித்தான் சொன்னாய், புது மிக்ஸி வந்த பிறகு பழசை நினைத்தாயா என்று கேட்டேன். இன்னும் ஏதேதோ சொன்னேன். வாய் இருக்கிறதே. அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு அரிசியில் கல் பார்க்கத் தொடங்கினாள். விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது அதையும் நான் கவனிக்கவில்லை.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டேன். மீட்டரைக் கழற்றி, பழைய காந்தத்தையும் மயிர் மாதிரி இருந்த சுருள் கம்பியையும் எடுத்துவிட்டு, முள்ளுக்குப் பின்னால் கட்டைவிரல் அளவு மோட்டார் ஒன்றை வைத்தேன். கிலோமீட்டர் எண்ணிக்கை உருளைகள் இருந்த சின்ன ஜன்னலில் ஒரு திரையைப் பொருத்தி, உருளையில் கடைசியாக இருந்த எண்ணையே அதில் ஏற்றினேன். வண்டி ஓடிய தூரம் ஒரு கிலோமீட்டர்கூடத் தொலைந்துபோகக் கூடாது என்பதில் அவ்வளவு கவனம் எனக்கு. கியர்பாக்ஸில் கேபிள் பொருந்தும் இடத்துப் பல்சக்கரம் கொஞ்சம் தேய்ந்திருந்ததால் அந்த வாயை மூடிவிட்டேன். அதற்குப் பதில், பின் சக்கரத்துக்குப் போகும் நீளத் தண்டில் நான்கு காந்தத் துண்டுகளை வளையம் போட்டு இறுக்கி, அதற்கு நேர் கீழே ஒரு சென்சாரை வைத்தேன். தண்டு சுற்றும்போது காந்தம் கடந்து போவதை அது எண்ணும். அந்த எண்ணிக்கையை வேகமாக மாற்றி முள்ளை நகர்த்த ஒரு சின்னப் பலகை. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் மாறியிருக்காது. அதே கறுப்பு முகம், அதே வெள்ளை முள்.

பைபாஸ் ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். போனில் வேகம் காட்டும் ஜிபிஎஸ்ஸில் நாற்பது என்றால் முள்ளும் நாற்பது. அறுபது என்றால் அறுபது. முன்பு மாதிரி நடுங்காமல், சொன்ன இடத்தில் போய் நின்றது. வண்டிக்குள் அத்தனை அமைதி. கண்ணாடியைத் தாண்டிக் காற்று போகும் சத்தம்கூடக் கேட்டது. ரொம்பப் பெருமையாக இருந்தது. சாவியை அம்மாவிடம் கொடுத்தபோது அவள் வண்டியை ஊர் எல்லை வரை ஓட்டிவிட்டு வந்து, "ஊமையாக்கிட்டியே" என்றாள். அதை நான் பாராட்டில் சேர்த்துக்கொண்டேன்.

மாசி மாதம் ஒரு நாள் டீக்கடையில் ஒருவர் என்னிடம், அம்மா இப்போதெல்லாம் பறக்கிறாங்களே என்றார். கரை ரோட்டில் தன் மொபெட்டை ஒரு காற்று அடித்துவிட்டுப் போனதாம், பார்த்தால் டாக்டரம்மா வண்டியாம். கடையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மீட்டரை மாற்றியதும் வண்டிக்கே இளமை திரும்பிவிட்டது என்று சொல்லி வைத்தேன். அக்காவிடம் போனில் இதைச் சொல்லவில்லை.

அடுத்த வாரம் வாத்துகள். அறுவடை முடிந்த வயல்களில் சிந்திய நெல்லை மேய வாத்துக்காரர்கள் நூற்றுக்கணக்கில் ஓட்டிக்கொண்டு வருவார்கள். வெட்டாற்றுக் கரையில் அப்படி ஒரு கூட்டம் இடது பக்கச் சரிவிலிருந்து ரோட்டில் ஏறியிருக்கிறது. அம்மா பிரேக் போட்டிருக்கிறாள். ஆனால் பிந்திவிட்டது. இரண்டு வாத்து போய்விட்டது. ஒன்றுக்குக் கால் முறிந்தது. அம்மா அங்கேயே ரோட்டில் உட்கார்ந்து அந்தக் காலுக்குக் குச்சி வைத்துக் கட்டிவிட்டு வந்திருக்கிறாள். இத்தனை வருஷத்தில் ஒரு கோழியைக்கூட அவள் அடித்ததில்லை.

வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்தாள். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னாள்:

"வேகம் தெரியலடா."

எனக்குச் சுருக்கென்றது. என் மீட்டரையா சொல்கிறாள்? அவளை அப்படியே வண்டியில் இடது பக்கம் உட்காரவைத்து, பைபாஸுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். போனை டேஷ்போர்டில் நிற்கவைத்தேன். இதோ பார், போனில் முப்பது, முள்ளும் முப்பது. இதோ ஐம்பது, அங்கேயும் ஐம்பது. அரை கிலோமீட்டர் வித்தியாசம் காட்டு பார்ப்போம் என்றேன். ரைஸ் மில் முதலாளிகளிடம் எடை சரியாக இருக்கிறது என்று நிரூபிக்கும்போது பேசுகிற அதே தோரணை. அம்மா போனையும் பார்க்கவில்லை, முள்ளையும் பார்க்கவில்லை. நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வரும் வழியில், சரிடா, உன் மீட்டர் சரியாத்தான் இருக்கு என்றாள். நான் ஜெயித்துவிட்டேன்.

பங்குனியில் உளுந்து பிடுங்கத் தொடங்கினார்கள். சம்பா அறுப்பதற்கு முன்னால் ஈரத்தில் தெளித்துவிட்ட உளுந்து அது. காய்ந்த செடியைக் கொடியோடு கொண்டுவந்து தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டிகள் மிதித்து நெற்றை உடைத்துக் கொடுக்கும். ரோட்டில் தானியம் காயப்போடக் கூடாது என்று போர்டு வைத்திருப்பார்கள். அந்தப் போர்டின் நிழலிலேயே முறத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். லாரி ஏறினால் உளுந்து பருப்பாக உடைந்துவிடும், மோட்டார் சைக்கிள் ஏறினால் நெற்று வெடிக்காது. அம்மாவின் அம்பாசிடர்தான் பதமான கனம். அதிலும் அம்மா முதல் கியரில் நிதானமாக ஏற்றிக் கொடுப்பாள். தூரத்தில் அந்தக் கறுப்பு வண்டியைப் பார்த்ததுமே கொடியைப் புரட்டிப் போட்டுவிட்டுக் காத்திருப்பார்கள்.

அன்றைக்குப் பாபநாசம் போகும் வழியில் ஒரு ரைஸ் மில்லில் எனக்கு வேலை இருந்தது. அம்மாவுக்கு அதைத் தாண்டி ஒரு கிராமத்தில் கன்று போட முடியாமல் தவிக்கும் ஒரு கிடேரி. காலை பத்து மணி இருக்கும். என் வண்டி சர்வீஸில் இருந்ததால் அவளோடு தொற்றிக்கொண்டேன். வழியில் ஓர் இடத்தில் ஒரு பெண்மணி இடுப்பில் கை வைத்து ரோட்டை மறித்து நின்றாள். டாக்டரம்மா, ஒரு தடவை மிதிச்சுட்டுப் போங்க என்றாள். கிடேரி காத்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டே அம்மா அந்தக் கொடிப் பரப்பின் மேல் மெதுவாக ஏற்றினாள். அடியில் சடசடவென்று நெற்று வெடித்தது. வண்டிக்குக் கீழே ஏதோ உரசியது. கடைசியில் டொக்கென்று ஒரு சத்தம்.

கொடியைத் தாண்டி வந்து அம்மா வேகம் எடுத்தாள். முள் ஒரு தடவை துடித்தது, முப்பது வரைக்கும் தாவியது, பிறகு பூஜ்யத்தில் போய்ப் படுத்துக்கொண்டது.

என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. உளுந்துக்கொடி தண்டில் சுற்றிச் சென்சாரையும் ஒயரையும் பிடுங்கியிருக்கும். பழைய கேபிள் கியர்பாக்ஸின் பக்கவாட்டில் மேலே ஏறிப் போனது, எந்தக் கொடியும் அதை எட்டியதில்லை. நானோ சென்சாரைத் தண்டுக்குக் கீழே, ரோட்டுக்கு ஒரு சாண் உயரத்தில் தொங்கவிட்டிருந்தேன். எலிக்கு வலை கட்டுகிறவன், உமிக்கு உறை போடுகிறவன், இந்த ஊரில் பங்குனி மாதம் ரோட்டில் உளுந்து கிடக்கும் என்பதை மறந்திருக்கிறேன். வேறு ஊர்க்காரன் மறந்திருந்தாலாவது மன்னிக்கலாம்.

அம்மா இப்போது திட்டுவாள் என்று காத்திருந்தேன். நியாயமும் அவள் பக்கம் இருக்கிறது. என்ன பதில் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். ஒரு மதகு கடந்தது. ஒரு பள்ளிக்கூடம் கடந்தது. இரண்டு கிலோமீட்டர் போயிருப்போம், அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் மின்கம்பங்கள் வேகமாகப் போவது மாதிரி இருந்தது. போனை எடுத்துப் பார்த்தேன். ஐம்பத்தெட்டு.

"எவ்வளவுலம்மா போற?"

அவள் கண்ணைத் தாழ்த்தி மீட்டரைப் பார்த்தாள். ஒரு நொடி அங்கேயே வைத்திருந்தாள். பிறகு நிமிர்ந்து ரோட்டைப் பார்த்தாள்.

"நாப்பது."

அவள் குரலில் சந்தேகமே இல்லை. முள் பூஜ்யத்தில் இருந்தது.

வேகம் தெரியல. வாத்தை அடித்த அன்றைக்கு அவள் சொன்னது எனக்கு அப்போதுதான் கேட்டது. தெரியவில்லை என்றால் அறியவில்லை என்று நான் எடுத்துக்கொண்டேன். கண்ணுக்குத் தெரியவில்லை என்று அவள் சொல்லியிருக்கிறாள். அதே சொல்தான், வளைத்துக்கூடச் சொல்லவில்லை. கேபிள் அறுந்த நாள் அவள் இரண்டாவது கியரில் உருட்டிக்கொண்டு வந்ததும், சத்தம் வருமா என்று கேட்டதும், முறத்தில் கல்லை விரலால் தேடியதும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. பழக்கதோஷம் என்று நான் சொன்னதும் கூடவே வந்தது. அதன் பின்னால் பயமும் வந்தது. ஐம்பத்தெட்டு கிலோமீட்டர் வேகத்தில் நான் அந்த வண்டிக்குள் உட்கார்ந்திருந்தேன்.

ஓரமாக நிறுத்தச் சொன்னேன். ஏன் என்று கேட்காமல் நிறுத்தினாள். ஒரு புங்கமரத்தடி. இஞ்சினை அணைத்ததும் வாய்க்காலில் தண்ணீர் போகும் சத்தம் கேட்டது. எப்படிச் சொல்வது என்று தெரியாமல், இருப்பதை அப்படியே சொன்னேன்.

"அம்மா, முள்ளு பூஜ்யத்துல கெடக்கு. உளுந்து மிதிச்சதுலேர்ந்தே."

அவள் ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி இருந்தாள். நான் அவள் பக்கம் பார்க்காமல் எதிரே வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு வருஷமா முள்ளு தெரியலடா. கீழ இருக்கறது எல்லாம் மசமசன்னு போயிடுச்சு. சத்தம் கேட்டுச்சு. அது போதும்னு இருந்துட்டேன்."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்ட உடனே அந்தக் கேள்வியைக் கேட்க நான் யோக்கியதை இல்லாதவன் என்று எனக்கே தோன்றியது.

"சொன்னா சாவியை வாங்கிடுவீங்கள்ல" என்றாள். பிறகு கதவைத் திறந்து இறங்கினாள். பேனட்டில் ஒரு கையை வைத்துக்கொண்டு வண்டியை முன்பக்கமாகச் சுற்றி வந்து, என் கதவைத் திறந்தாள்.

"நகரு அந்தப் பக்கம். கெடேரி தவிச்சுக்கிட்டு இருக்கும்."

அவ்வளவுதான். அக்காவும் நானும் எத்தனை வருஷமாகவோ வாதாடிய விஷயம் பத்து அடியில் முடிந்துவிட்டது. எனக்கு அந்த வண்டியின் கியர் சரியாகப் பழக்கமில்லை. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தத் தடியை இழுத்தபோது கரகரவென்று கத்தியது. அம்மா முகம் சுளித்தாள்.

கிடேரி கொட்டகையில் படுத்துக் கிடந்தது. அம்மா தோள்பட்டை வரை சோப்பு போட்டுக் கழுவி, மண்டியிட்டு, கையை உள்ளே விட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். நான் சின்ன வயதிலிருந்து பார்த்த காட்சிதான். அந்த வேலையை அவள் எப்போதுமே கண்ணை மூடிக்கொண்டுதான் செய்வாள். கன்றின் முன்னங்கால் ஒன்று மடங்கியிருக்கிறது என்றாள். வீட்டுக்காரர்களிடம் கயிறு கேட்டாள். உள்ளேயே அந்தக் காலைத் தேடி, குளம்பை உள்ளங்கையில் பொத்தி, கர்ப்பப்பை கிழிந்துவிடாமல் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தினாள். முக்கால் மணி நேரம் ஆனது. கன்று வந்து விழுந்ததும் அதன் மூக்கை விரலால் துடைத்து, நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். உசுரு இருக்கு என்றாள். அந்த வீட்டு அம்மாள் கன்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்கு மட்டும் எதையும் சரியாகப் பார்க்க முடியவில்லை, கண் கலங்கியிருந்தது.

மறு வாரம் தஞ்சாவூரில் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனேன். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றிருக்கிறது என்றார் டாக்டர். கீழேயும் பக்கவாட்டிலும் பார்வை போய்விட்டது, போனது வராது, இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம், வண்டி ஓட்டக் கூடாது என்றார். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். நாய்களுக்கு இதே சொட்டு மருந்தை எழுதிக் கொடுத்திருக்கிறாளாம். அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். நான் அப்போதே சொன்னேனே என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கு அடியில் படுத்துத் தண்டில் சுற்றியிருந்த கொடியைக் கத்தியால் அறுத்து எடுத்தேன். கொடியோடு முழு உளுந்தும் இரண்டு கை கிடைத்தது. சென்சாரை மேலே தூக்கி வைத்து, தகரத்தில் உறையும் போட்டேன். முள் மறுபடி ஓடியது. ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை. பாய் கடைக்குப் போய் அந்தக் கேபிளை வாங்கி வந்தேன். மூடி வைத்த வாயைத் திறந்து கேபிளைப் பூட்டி, மறுமுனையை மீட்டரில் மாட்டாமல் டேஷ்போர்டுக்குக் கீழே சும்மா சுழல விட்டால் போதும், உறையை ஓர் இடத்தில் லேசாக நசுக்கினால் பழைய கீச் வந்துவிடும். அதையெல்லாம் யோசித்து வைத்துவிட்டு, அன்று மதியம் கன்றைப் பார்க்கக் கிளம்பும்போது அம்மாவிடம் சொன்னேன். அந்தச் சத்தத்தைத் திரும்பக் கொண்டுவந்துவிடுகிறேன், ஒரு மணி நேர வேலைதான் என்றேன். மன்னித்துவிடு என்று சொல்லத் தெரியாமல்தான் அப்படிச் சொன்னேன்.

அம்மா இடது பக்கம் ஏறி உட்கார்ந்து, மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள்.

"யாருக்குடா அது? ஓட்டறது நீதானே. உனக்குத்தான் முள்ளு தெரியுதே."